வயதாகிவிட்டதாம்!

கதைகளில் வரும் முயல்களுக்கு வயதாவதே இல்லை. ஆமையோடு ஓடித் தோற்ற முயலும், சிங்கத்தைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்ற முயலும், நிலவிலே உட்கார்ந்திருப்பதாகப் பாட்டிமார் காட்டும் முயலும் என்றென்றும் இளமையோடுதான் இருக்கின்றன. 1902ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் நீலச் சட்டை அணிந்து வந்த பீட்டர் என்னும் முயல் இன்றும் குட்டியாகவே இருக்கிறது. வள்ளுவர் 772ஆம் குறளில் காட்டு முயலைக் குறிப்பிடுகிறார். அங்கும் அது அம்புக்கு எளிதில் இரையாகும் உயிராக வருகிறதேயன்றி மூத்துத் தளர்ந்த உயிராக வரவில்லை. ஆகவே முயலும் கிழமாகும், கிழமான முயலுக்கும் பல் வலிக்கும், உணவு இறங்காமற் போகும் என்பதையெல்லாம் நமக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. எங்களுக்கு அதைச் சொல்லித்தந்தது பஞ்சுதான்.

பஞ்சுவை இப்பள்ளியில் அறியாதார் இலர். நாங்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, மலையிலிருந்து திரும்பிய சிஸ்டர் ஒருவர் பழக்கூடையில் வைத்து அதைக் கொண்டுவந்தார். நியூசிலாந்து வெள்ளை என்னும் இனம். பால் நிற உடல், சிவந்த கண்கள். (வயல்வரப்பில் ஓடும் பழுப்பு முயல் வேறு இனம். அதைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைத் தங்கைமார் நினைவில் கொள்க.) விடுதிச் சமையற்கட்டின் பின்புறம் வேப்பமரத்தடியில் அதன் கூண்டு. இந்த எட்டு ஆண்டுகளில் எங்கள் பாவாடையின் மடிப்பு எத்தனையோ முறை பிரிக்கப்பட்டுவிட்டது. பஞ்சு மட்டும் அப்படியே இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சென்ற செப்டம்பர் மாதம் காலாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரம். திங்கட்கிழமைக் காலையில் முதல்நாள் இரவு வைத்த தீவனம் அப்படியே இருந்தது. கொத்தமல்லித் தழை கொடுத்தோம். முகர்ந்து பார்த்தது, வாயருகே கொண்டுபோயிற்று, பின் கீழே விட்டுவிட்டது. சமையற்கட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு கண்ணு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். காவற்காரத் தாத்தாவோ, "எனக்கே இப்பல்லாம் ராத்திரி சோறு எறங்கறதில்ல பாப்பா, அது எம்மாத்திரம்?" என்றார். ஐந்தாம் வகுப்புத் தங்கைமார் அந்தோணியார் சுரூபத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றிவைத்துச் செபித்தார்கள். நாங்கள் கணக்குப் பாடம் படிக்கப் போய்விட்டோம்.

அன்று நாங்கள் செய்த தவறு அதுதான். செபம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. செபித்த கையோடு அதன் வாயையும் ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும். ‘வயதாகிவிட்டது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் மனம் சமாதானம் அடைந்துவிட்டது. இந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி இருக்கிறது! அதைச் சொன்ன பிறகு யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. யார் மீதும் குற்றமும் இல்லை. இக்கட்டுரையில் நாங்கள் எதிர்ப்பது இந்தச் சொல்லைத்தான்.

நாய் ஒரு வேளை உண்ணாவிட்டால் மறு வேளை உண்ணும். பூனை கோபித்துக்கொண்டும் உண்ணாதிருக்கும். முயல் அப்படியன்று. முயலின் குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டிய குடல். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் அதற்குச் சீக்கம் என்னும் பெரிய பை போன்ற உறுப்பு இருக்கிறது. அதில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களே புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அங்கிருந்து வரும் மெத்தென்ற ஒருவகைப் புழுக்கையை முயல் தானே குனிந்து வாயில் எடுத்து மீண்டும் விழுங்கும். அருவருக்க வேண்டாம், மாடு அசைபோடுவது போன்ற ஏற்பாடுதான் இதுவும். நார் உள்ளே போவது நின்றால் குடலின் அசைவு தளர்கிறது, வாயு சேர்கிறது, வாயுவினால் வலி, வலியினால் உண்ண மனமில்லை, உண்ணாததால் குடல் இன்னும் தளர்கிறது. நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து தீயவை பெருகுகின்றன. உடலில் உள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய்த் தங்குகிறது. முயலால் வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் இயலாது. ஆகவே 12 மணி நேரம் முயல் ஒன்றும் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், அதை அவசர நோயாளியாகவே கருத வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாங்களோ ஒரு முழுப் பகலையும் ஓர் இரவையும் ‘வயது’ என்று சொல்லிக் கழித்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. பஞ்சு முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. நறநறவென்று பல்லைக் கடிக்கும் ஓசை கேட்டது. முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் ஆகையால் தன் வலியை வெளியே காட்டாது. தளர்ந்தது தெரிந்தால் கழுகும் நரியும் அதைத்தானே முதலில் தூக்கும்! ஆயினும் முகத்தில் ஒளிக்க முடியாத சில குறிகள் உண்டு. 2012ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் சிலர் முயலின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிடும் முறை ஒன்றை வெளியிட்டனர். கண் எவ்வளவு மூடியிருக்கிறது, கன்னம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது, மூக்கின் வடிவம், மீசையின் நிலை, காதின் நிலை ஆகிய ஐந்தையும் அதில் பார்க்கிறார்கள். இதை நாங்கள் பின்னால்தான் அறிந்தோம். அறிந்தபின் எங்களிடமிருந்த பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தோம். ஆகஸ்டு மாதத்துப் படத்திலேயே பஞ்சுவின் கண்கள் பாதி மூடியிருந்தன. "தூங்குமூஞ்சி" என்று அதன் கீழே நாங்கள் எழுதி வைத்திருந்தோம்.

சிஸ்டர் உடனே அருகிலுள்ள ஒரு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்த மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை வயசு?"

"எட்டு, சார்."

"எட்டா? அப்ப வயசாயிடுச்சும்மா. ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. கஷ்டப்படுத்தாம விட்டுடுங்க."

வாயைத் திறந்து பார்க்கவில்லை. எங்களில் ஒருத்தி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். மற்றவர்களுக்கு வந்தது கோபம். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தபோது அவரை மட்டும் குறைசொல்வது நியாயமாகத் தோன்றவில்லை. நம் நாட்டில் முயலைப் பற்றிய படிப்பும் பழக்கமும் பெரும்பாலும் பண்ணையைச் சார்ந்தவை. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய செம்மறி மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே இறைச்சிக்கான முயல்களும் உரோமத்துக்கான முயல்களும் வளர்க்கப்படுகின்றன. இறைச்சி முயல் ஏறத்தாழ மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடை வந்ததும் விற்கப்பட்டுவிடும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பவற்றையும் சில ஆண்டுகளில் கழித்துவிடுவார்கள். பண்ணையில் எட்டு வயது முயல் என்று ஒன்று இருக்கக் காரணமே இல்லை. ஆடுமாடுகளையே நாள்தோறும் பார்க்கும் ஒரு மருத்துவருக்குக் கிழமுயல் என்பது காணாத காட்சி. வீட்டில் நன்றாக வளர்க்கப்படும் முயல் 8 முதல் 12 ஆண்டுகள்வரை வாழும் என்பதை அறிந்தவர்களுக்குத்தான் எட்டு வயது என்பது முடிவன்று என்பது புரியும்.

நல்லவேளையாக எங்கள் சிஸ்டர் விடாப்பிடியானவர். நகரத்தில் சிறுபிராணிகளைப் பார்க்கும் வேறொரு மருத்துவரைத் தொலைபேசியில் விசாரித்து, அன்று பிற்பகலே பேருந்து ஏறிவிட்டார். கூடையைப் பிடித்துக்கொள்ளக் காவற்காரத் தாத்தாவும், கூடையைப் பிடித்துக்கொள்கிறோம் என்று சொல்லி எங்களில் இருவரும் உடன் சென்றோம். இரண்டு மணி நேரப் பயணம். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பஞ்சுவின் அருகே வைத்திருந்தோம்.

அந்த அம்மையார் வயதைக் கேட்பதற்கு முன் வாயைத் திறந்தார். சிறு விளக்கொன்றை உள்ளே காட்டி, "இங்கே பாருங்கள்" என்று எங்களை அழைத்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் உட்புற விளிம்பு முள்ளைப் போல் வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. நாக்கின் ஓரத்தில் வெண்மையாக ஒரு புண். ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அந்த முள் அந்தப் புண்ணில் ஏறியிருக்கிறது. பசி இல்லாமல் பஞ்சு கொத்தமல்லியைக் கீழே விடவில்லை! பசித்திருந்தது, வாயருகே கொண்டுசென்றது, வலி பொறுக்காமல் விட்டது.

இங்கே எங்கள் வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் முயலைப் பற்றிய பாடம் இருக்கிறது. முயலின் பல் சூத்திரம் 2033 / 1023 என்றும், மொத்தம் 28 பற்கள் என்றும், முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இடைவெளி உண்டென்றும் வகுப்புத் தேர்வில் எழுதி நாங்கள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தோம். அந்தச் சூத்திரத்தைப் பஞ்சுவின் கூண்டில் சாய்ந்துகொண்டுதான் உருப்போட்டோம். இருபத்தெட்டில் ஒரு பல்லையாவது பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"என்ன சாப்பிடக் கொடுப்பீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். நாங்கள் பெருமையோடு பட்டியல் சொன்னோம். காலையில் கேரட், மாலையில் குச்சித் தீவனம், இடையில் ரொட்டித் துண்டு, பால் பிஸ்கட். புல்? புல்லும் கொடுப்போம், தோட்டக்காரர் வெட்டும் நாளில். அவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். முயலின் பற்கள் அனைத்தும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் மட்டுமே வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். வளர்வது எவ்வளவோ அவ்வளவும் தேய வேண்டும். தேய்ப்பது புல். நார் நிறைந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து மணிக்கணக்காக மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் சமமாகத் தேய்கின்றன. பிஸ்கட்டை மெல்ல வேண்டியதே இல்லை, வாயில் வைத்தவுடன் கரைந்துவிடும். முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாகவோ உலர் புல்லாகவோ இருக்க வேண்டும். கேரட் இனிப்புப் பண்டம், திருநாள் பலகாரம் மாதிரி.

ஆக, பஞ்சுவின் நாக்கைக் குத்தியது முதுமையன்று. எட்டு ஆண்டுகளாக நாங்கள் அன்போடு ஊட்டிய பிஸ்கட். ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி அதை அப்படியே புதைத்திருந்தால், எங்கள் குற்றத்தையும் அதோடு சேர்த்துப் புதைத்திருப்போம். அடுத்து வரும் முயலுக்கும் அதே பிஸ்கட் டப்பாவைத் திறந்திருப்போம். இதனால்தான் அந்தச் சொல்லின்மேல் எங்களுக்கு இவ்வளவு கோபம்.

இலேசான மயக்க மருந்து கொடுத்து அந்த முள்ளைத் தேய்த்துவிட்டார்கள். வயதான முயலுக்கு மயக்க மருந்து ஆபத்து என்பதை மறைக்காமல் சொன்னார் மருத்துவர், சிஸ்டர் கையெழுத்திட்டார். மனிதர்களை அறுவைக்கு முன் பட்டினி போடுவது போல் முயலைப் பட்டினி போடக் கூடாதாம். தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, எங்களிடம் ஒப்படைத்தார்கள். இனிமேல்தான் எங்கள் வேலை.

ஒன்பது நாட்கள்! குச்சித் தீவனத்தை மாவாக அரைத்து, வெதுவெதுப்பான நீரில் கஞ்சிபோல் கரைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்துக்கொள்வோம். பாடநூலில் படித்த அந்தப் பல் இடைவெளி இப்போது பயன்பட்டது. வாயின் பக்கவாட்டில் அந்த இடைவெளி வழியாக நுனியைச் செலுத்தி, ஒரு தடவைக்கு ஒரு மில்லி அளவு மட்டும் விட்டு, அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். மல்லாத்திப் போட்டு ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். நான்கு கால்களும் தரையில் இருக்க, துண்டில் சுற்றி, மடியோடு அணைத்துக்கொண்டு ஊட்ட வேண்டும். ஒரு வேளைக்கு 15 மில்லி ஊட்ட முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று மணிக்கு ஒருமுறை என்று முறை வைத்துக்கொண்டோம். விடியற்கால முறைக்கு விடுதி மாணவியர், பகலுக்கு வீட்டிலிருந்து வருவோர். எங்கள் சீருடையெல்லாம் பச்சைக் கறை. சலவைக்காரர் என்ன நினைத்தாரோ!

வேறு யாரேனும் இதைச் செய்ய நேர்ந்தால் இரண்டு எச்சரிக்கைகள். வயிறு மத்தளம் போல் உப்பி இறுகியிருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை ஊட்டக் கூடாது. குடலில் அடைப்பு இருக்கலாம். இன்னொன்று, வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. நாம் சாதாரணமாக விழுங்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவை முயலின் வாய்வழி போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று முயலையே கொன்றுவிடும். எங்களில் ஒருத்தி தன் தொண்டைவலி மாத்திரையில் பாதியை அன்புடன் எடுத்து வைத்திருந்தாள், சிஸ்டர் பிடுங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை கூண்டில் புழுக்கை கிடந்தது. சிறியது, ஒழுங்கற்றது, எள்ளுருண்டையில் பாதிகூட இராது. அதை எண்ணினோம், பதினொன்று. பதினொரு புழுக்கைக்காகப் பதினைந்து வயதுப் பெண்கள் கைதட்டி ஆரவாரித்ததை மதர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் அருகம்புல்லைத் தானே இழுத்து மென்றது. அந்த அரைக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நாங்கள் சமூக அறிவியல் படித்தோம். அக்டோபர் 4ஆம் நாள் அசிசியாரின் திருநாளன்று பங்குத் தந்தை விலங்குகளை மந்திரிக்க வந்தபோது, தீர்த்தம் பட்டதும் காதை உதறி அவர்மேலேயே திருப்பித் தெளித்தது.

இதற்கெல்லாம் ஆன செலவு 1,800 ரூபாய். வகுப்புச் சுற்றுலாவுக்கென்று நாங்கள் சேர்த்திருந்த பணம் அது. வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. எங்கள் தோழி ஒருத்தி எழுந்து, "பசித்த மனிதர் எத்தனையோ பேர் இருக்க, சாகப்போகும் முயலுக்கு 1,800 ரூபாயா? அந்தப் பணத்தை மறைபரப்பு ஞாயிறுக் காணிக்கையில் போட்டிருக்கலாமே?" என்று கேட்டாள். வெறும் வாயால் கேட்கவில்லை, 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலையே கொண்டுவந்துவிட்டாள். அதில் 2418ஆம் எண்ணில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்னும் கருத்து உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதே எண்ணில், தேவையின்றி விலங்குகள் துன்புறவோ சாகவோ செய்வது மனித மாண்புக்கு ஏற்றதன்று என்றும் இருக்கிறது. அதற்குச் சற்று முன், 2416ஆம் எண்ணில், அசிசியாரும் பிலிப்பு நேரியாரும் விலங்குகளிடம் காட்டிய கனிவு நினைவூட்டப்படுகிறது. நீதிமொழிகள் நூலின் 12ஆம் அதிகாரமும் நீதிமானைப் பற்றிப் பேசும்போது அவன் வளர்க்கும் விலங்கை மறக்கவில்லை.

எங்கள் கருத்து இது. பஞ்சு தானாக நம் பள்ளியைத் தேடி வரவில்லை. நாம் கொண்டுவந்தோம், கூண்டில் அடைத்தோம், நாம் கொடுத்ததைத் தவிர வேறொன்றையும் தின்ன முடியாதபடி செய்தோம், தவறானதைக் கொடுத்தோம். அதன் வாயில் முள்ளை வளர்த்தவர்கள் அதை எடுக்கச் செலவிடுவது தர்மமாகாது, அது கடன். கடனை அடைக்காமல் தர்மம் செய்யப் புறப்படுவதை எந்த நூலும் புகழாது. மேலும் நாங்கள் தொட்டது ஏழையின் அரிசிப் பணத்தை அன்று, எங்கள் ஐஸ்கிரீம் பணத்தை. அந்தத் தோழி இன்றும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விடியற்காலை 5 மணி முறைக்கு ஒருநாளும் தவறாமல் வந்தவள் அவள்தான் என்பதையும் சொல்லாமல் விட்டால் எங்களுக்கு அடுக்காது.

முதுமை என்பது இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. முதுமை வந்துவிட்டால் பார்க்க வேண்டியவை கூடுகின்றன. மூட்டு வலிக்கும் முயலால் குனிந்து தன் மெத்தென்ற புழுக்கையை எடுக்க இயலாது. பின்புறம் அழுக்கடையும், ஈ மொய்க்கும். கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். சாக்கும் வைக்கோலும் பரப்ப வேண்டும். தண்ணீரை எட்டிக் குடிக்கும் புட்டியில் வைக்காமல் தாழ்ந்த கிண்ணத்தில் வைக்க வேண்டும். முயலுக்கு வியர்க்காது, காதுகளின் வழியாகத்தான் வெப்பத்தை வெளிவிடுகிறது, ஆகவே நம்மூர்க் கோடையில் நிழலும் ஈரச்சாக்கும் தேவை. எல்லாவற்றிலும் முக்கியமாக நாங்கள் கருதுவது சமையற்கட்டுத் தராசு. அக்டோபர் முதல் வாரந்தோறும் பஞ்சுவை நிறுத்து நோட்டில் குறித்தோம். முன்பு நான்கு கிலோ இருந்த முயல், அந்த முதல் நாளில் 3 கிலோ 100 கிராம்தான் இருந்தது. ரோமம் மூடியிருந்ததால் எங்கள் கண் அதைக் காணவில்லை. தராசு கண்டிருக்கும், பல மாதங்களுக்கு முன்பே.

இடையில் ஒரு செய்தி. எங்களில் ஒருத்தியின் பாட்டி சில மாதங்களாகச் சோறு தவிர எதையும் தொடுவதில்லை. "வயசாச்சு, ருசி போயிடுச்சு" என்று வீட்டில் பேசிக்கொள்வார்களாம். காலாண்டு விடுமுறையில் வீட்டுக்குப் போனவள், "பாட்டி, கொஞ்சம் வாயைத் திறங்க" என்றிருக்கிறாள். பல்செட்டு ஈறைத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தது. "ஏன் பாட்டி சொல்லலை?" என்று கேட்டதற்கு, "வயசானா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்டி" என்றாராம் பாட்டி. பல்செட்டைச் சரிசெய்த பிறகு தீபாவளி முறுக்கை அவர்தான் முதலில் கடித்தார்.

ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த மூன்றாம் நாள், பஞ்சு மீண்டும் உணவை விட்டது. இம்முறை நாங்கள் யார் சொல்லையும் கேட்டு உட்கார்ந்திருக்கவில்லை. காலை எட்டு மணிப் பேருந்திலேயே கூடை ஏறிவிட்டது. வாயில் புண் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். கருப்பையில் கட்டி, அது நுரையீரலுக்கும் பரவியிருந்தது. கருப்பை எடுக்கப்படாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏற இந்த நோய் மிகுதியாக வருமாம். இளமையிலேயே அறுவை செய்திருந்தால் வந்திராது. அதுவும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பஞ்சுவைக் காட்டி, இனி ஊட்டுவது அதற்கு உதவாது, வலியை நீட்டுவதாகவே முடியும் என்றார் அந்த மருத்துவர். சிஸ்டர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். பிறகு சரி என்றோம். ஊசி போடும்போது எங்களில் இருவர் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தோம்.

"செப்டம்பரிலேயே விட்டிருந்தால் இத்தனை பாடு இல்லையே, எப்படியும் போகத்தானே போயிற்று" என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். செப்டம்பரில் விட்டிருந்தால் வாயில் ஒரு முள்ளோடு, பசியோடு, உணவு எதிரிலிருக்கச் செத்திருக்கும். ஜனவரியில் காரணம் தெரிந்தபின், மருத்துவர் கையில், வலி மருந்தோடு போயிற்று. இடைப்பட்ட நான்கு மாதங்கள் வேப்பமரத்தடியில் புல் மென்றுகொண்டு வெயில் காய்ந்தது. தெரிந்து விடுவதும் தெரியாமல் கைவிடுவதும் ஒன்றாகா.

இப்போது கூண்டு காலியாக இருக்கிறது. புதிதாக இரண்டு குட்டிகள் தருவதாகப் பங்கைச் சேர்ந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புத் தங்கைமார் எங்களிடம் வந்து கேட்டார்கள். முதலில் கிணற்றடியில் அருகம்புல் பாத்தி போடுங்கள், புல் வளர்ந்த பிறகு குட்டிகளைக் கொண்டுவரலாம் என்று சொல்லியிருக்கிறோம். பாத்தி கொத்தியாயிற்று. எடை எழுதிய நோட்டும் சிரிஞ்சும் மருத்துவரின் தொலைபேசி எண்ணும் சமையற்கட்டு அலமாரியில் இருக்கின்றன. பிஸ்கட் டப்பாவை மட்டும் நாங்களே எடுத்துவிட்டோம்.